பழைய நூலும் அரிய நூலும்: சமயச் சீர்திருத்தக் காலத்துக் கத்தோலிக்க அச்சு நூல்கள் குறித்து ஓர் எளிய விளக்கம்

பங்கு இல்லத்து அலமாரியைத் துப்புரவு செய்யும்போது தடித்த தோலட்டை போட்ட லத்தீன் பூசைப் புத்தகம் ஒன்று அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முகப்பைப் பிரித்தால், திரிதெந்து (டிரெண்ட்) நகரில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கத்து ஆணைப்படி சீரமைக்கப்பட்டது என்றும் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் கட்டளையால் வெளியிடப்பட்டது என்றும் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ஐந்தாம் பயஸ் அந்தப் பூசைப் புத்தகத்தை வெளியிட்டது 1570இல் என்று தெரிந்த ஒருவர், "இது நானூற்றைம்பது ஆண்டுப் பழமையானது, கோடிக்கணக்கில் விலை போகும்" என்று சொல்லிவிடுகிறார். செய்தி வாட்சப்பில் பரவுகிறது. பெரும்பாலும் அதில் சொல்லப்படும் ஆண்டும் தவறு, விலையும் தவறு.

பழைய நூல் வேறு, அரிய நூல் வேறு என்பதை விளங்கிக்கொள்ளாததே இக்குழப்பத்திற்குக் காரணம். 16ஆம் நூற்றாண்டில் அச்சான கத்தோலிக்க இறையியல் நூல்களிலேயே ஐரோப்பிய நூலகங்கள் பலவற்றில் எளிதாகக் கிடைப்பவையும் உண்டு. உலகம் முழுவதும் தேடினாலும் ஒன்றிரண்டுக்கு மேல் கிடைக்காதவையும் உண்டு. இவ்வேறுபாடு எப்படி உண்டாகிறது என்பதைத் தொடக்கநிலை வாசகருக்காக இக்கட்டுரை விளக்குகிறது.

பஞ்சாங்கமும் சட்டப் புத்தகமும்

போன ஆண்டுப் பஞ்சாங்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இருக்காது. ஊரில் எல்லார் வீட்டிலும் ஆண்டு முழுவதும் புரட்டப்பட்ட அந்தப் புத்தகம், சித்திரை பிறந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. அதே தெருவில் இருக்கும் வழக்கறிஞர் அலுவலகத்தின் கண்ணாடி அலமாரியில் கெட்டி அட்டையோடு நிற்கும் சட்டத் தொகுதிகளோ தாத்தா காலத்திலிருந்து அப்படியே இருக்கும். பஞ்சாங்கம் பல்லாயிரம் அச்சானது, சட்டத் தொகுதி சில நூறுதான். ஆனாலும் நூறாண்டு கழித்து ஒருவர் தேடி வந்தால் சட்டத் தொகுதிதான் அகப்படும்.

பழைய நூல்களின் அருமையை, அதாவது அவை அரிதாக இருப்பதை, விளங்கிக்கொள்ள இந்த ஓர் உவமையே பெரும்பகுதி போதும். ஒரு நூல் அரிதாவதற்கு அதன் வயது முதன்மைக் காரணமன்று. எத்தனை படிகள் (பிரதிகள்) அச்சாயின, அவை எப்படிப் பயன்பட்டன, யார் பாதுகாத்தார்கள், யார் அழித்தார்கள் என்பவையே அதைத் தீர்மானிக்கின்றன. எல்லார் கையிலும் புழங்கிய சிறு நூல் தேய்ந்து கிழிந்து மறைகிறது. சிலர் மட்டுமே படித்த கனத்த நூல் தப்பிப் பிழைக்கிறது.

அச்சுக் கலையின் தொடக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் ஏறத்தாழ 1455இல் அச்சிட்டு முடித்த விவிலியம் 180 படிகள் அளவில் அச்சானதாகக் கணிக்கப்படுகிறது. அவற்றுள் ஏறத்தாழ 50 படிகள் முழுதாகவோ குறையாகவோ இன்றும் உள்ளன. அதே நகரில் அதே ஆண்டுகளில் பேறுபலன் பத்திரங்களும் அச்சாயின. நம் பள்ளிப் பாடநூல்கள் இதைப் பாவமன்னிப்புச் சீட்டு என்கின்றன. அது சரியான சொல் அன்று. பேறுபலன் என்பது ஏற்கெனவே மன்னிக்கப்பட்ட பாவத்திற்காக எஞ்சி நிற்கும் தண்டனையின் குறைப்பைக் குறிப்பது. பெறுபவர் பெயரையும் நாளையும் எழுதிக்கொள்ள இடம் விட்டு, ஒற்றைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட படிவம் அது. உரியவர் இறந்தபின் அதை யார் பத்திரப்படுத்துவார்கள்? அச்சான ஏராளமான படிவங்களில் எஞ்சியவை மிகச் சிலவே.

நூல், பதிப்பு, படி

இம்மூன்று சொற்களையும் நாம் அன்றாடப் பேச்சில் ஒன்றாகவே புழங்குகிறோம். இங்கே அவற்றைப் பிரித்துக்கொள்வது கட்டாயம்.

நூல் என்பது ஆசிரியர் எழுதிய ஆக்கம். பதிப்பு என்பது ஒரே அச்சுக்கோர்ப்பிலிருந்து எடுத்த படிகள் அனைத்தும் சேர்ந்த தொகுதி. படி என்பது உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு புத்தகம். பழங்கால அச்சகத்தில் ஈய எழுத்துகள் அளவோடுதான் இருந்தன. சில பக்கங்களைக் கோர்த்து, வேண்டிய அளவு தாள்களை அச்சிட்டு முடித்ததும், எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிட்டு அடுத்த பக்கங்களைக் கோர்ப்பார்கள். ஆகவே, அந்நூலை மறுபடி அச்சிட வேண்டுமானால் முதல் எழுத்திலிருந்து மீண்டும் கோர்க்க வேண்டும். அப்படிக் கோர்த்தது புதிய பதிப்பு; அதில் புதிய பிழைகளும் வரும், பழைய பிழைகள் சில திருந்தியும் இருக்கும்.

1500ஆம் ஆண்டு முடிவதற்குள் அச்சான நூல்களை இன்குனாபுலா என்பார்கள். தொட்டில் துணி என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. அச்சுக் கலை குழந்தையாக இருந்த காலத்தவை என்பது கருத்து. திருச்சபையைச் சீர்திருத்த வேண்டும் என்று ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூதர் எழுந்தது 1517இல் என்பதால், சீர்திருத்தக் காலத்து நூல் எதுவும் இந்த வகையில் சேராது. விற்பனை விளம்பரங்களில் இச்சொல்லைக் கண்டபடி ஒட்டுகிறார்கள், கவனம் தேவை.

ஒரு தாளை மடித்துப் பாருங்கள்

இதை வாசிப்பதோடு நிறுத்தாமல் செய்தும் பார்த்துவிடுங்கள். ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடியுங்கள். குறுக்கே இன்னொரு முறை மடியுங்கள். நான்கு இதழ்கள், எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். மடிப்பை வெட்டாமலே ஓரங்களை விலக்கி 1 முதல் 8 வரை பக்க எண் இடுங்கள். இப்போது தாளை முழுதாக விரித்தால், ஒருபுறம் 1, 4, 5, 8 ஆகியவை இருக்கும். அவற்றுள் இரண்டு தலைகீழாக நிற்கும். மறுபுறம் 2, 3, 6, 7 இருக்கும். 16ஆம் நூற்றாண்டு அச்சுக்கோர்ப்பாளர் பக்கங்களை இப்படித்தான் இடம் மாற்றி அடுக்கி, தாளின் ஒவ்வொரு புறத்தையும் ஒரே அழுத்தில் அச்சிட்டார். நம் அச்சகத்தார் ஃபாரம் என்று சொல்வதும் இந்த அடிப்படையில் அமைந்ததே.

ஒரு முறை மடித்தது ஃபோலியோ, இரு முறை மடித்தது குவார்ட்டோ, மும்முறை மடித்து எட்டு இதழ் ஆக்கியது ஆக்டேவோ. பெரிய இறையியல் தொகுதிகள் ஃபோலியோவில் வந்தன. வாதப் பிரசுரங்களில் பல குவார்ட்டோவில் வந்தன. சட்டைப் பையிலோ அங்கியிலோ வைத்துக்கொள்ளும் மறைக்கல்வி நூல்கள் ஆக்டேவோவிலும் அதனினும் சிறிய அளவிலும் வந்தன. மடித்த தாள்கள் வரிசை பிசகாமல் இருக்க, பக்கத்தின் அடியில் ஏ, ஏ2, ஏ3 என்று குறி இடுவார்கள். ஒரு படி முழுமையானதா, இடையில் இதழ் விழுந்திருக்கிறதா என்று சோதிப்பவர்கள் பக்க எண்ணை நம்புவதில்லை. இந்த மடிப்புக் குறிகளைத்தான் எண்ணுவார்கள்.

இதுவரை கண்டவற்றைச் சுருங்கச் சொன்னால்: அருமை என்பது ஒரு பதிப்பின் படிகள் எத்தனை எஞ்சின என்பதைப் பொறுத்தது. பதிப்பு என்பது ஓர் அச்சுக்கோர்ப்பைக் குறிப்பது. நூலின் அளவு அது யாருக்காக அச்சானது என்பதை ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

கத்தோலிக்கர் அச்சைப் புறக்கணித்தார்களா?

அச்சு இயந்திரம் லூதரின் கருவி என்றும், திருச்சபை அதைக் கண்டு அஞ்சி நூல்களைத் தடை செய்வதோடு நின்றுவிட்டது என்றும் ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதில் பாதி உண்மை இருப்பதாலேயே அதைத் திருத்துவது கடினமாகிறது. ஜெர்மன் மொழிப் பிரசுரங்களின் எண்ணிக்கையில் லூதர் தரப்பு தொடக்க ஆண்டுகளில் மிக முன்னே இருந்தது உண்மை. ஆனால் மறுதரப்பு மௌனமாக இருக்கவில்லை.

1518ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, பேறுபலன்களைப் போதித்து வந்த தோமினிக்கன் துறவி டெட்சல் பெயரில் எதிர்வாதக் கூற்றுகள் அச்சாயின. அவற்றை விற்க ஒருவர் லூதர் இருந்த விட்டன்பர்க் நகருக்கு வந்தபோது, மாணவர்கள் சிலவற்றை விலைக்கு வாங்கியும் சிலவற்றைப் பிடுங்கியும் ஏறத்தாழ 800 படிகளைச் சந்தையில் கொளுத்தினார்கள். இதை எழுதி வைத்தவர் லூதரே. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றும் அவர் வருந்தியிருக்கிறார். நூலெரிப்பு ஒரு தரப்பின் பழக்கம் மட்டுமே என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைவில் கொள்ள வேண்டும்.

1521இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் பெயரில் ஏழு திருவருட்சாதனங்களுக்கு (திருமுழுக்கு, நற்கருணை முதலிய சடங்குகளுக்கு) ஆதரவான லத்தீன் நூல் லண்டனில் ரிச்சர்ட் பின்சன் அச்சகத்தில் வெளிவந்தது. அதற்காகத் திருத்தந்தை பத்தாம் லியோ அவருக்கு விசுவாசக் காவலர் என்ற பட்டம் அளித்தார். பின்னர் உரோமையோடு உறவை முறித்தவரும் அதே ஹென்றிதான். லூதரை மறுத்து 1523இல் பெரிய நூல் எழுதிய ஆயர் ஜான் ஃபிஷர், அந்த மன்னரின் ஆணையாலேயே 1535இல் தலை வெட்டப்பட்டார். ஜெர்மானியக் கத்தோலிக்க இறையியலாளர் யோஹான் எக் 1525இல் லாண்ட்ஸ்ஹூட் நகரில் வெளியிட்ட கைந்நூல், லூதரின் கூற்றுகளுக்குத் தலைப்பு வாரியாக மறுமொழி தந்தது. வாதமேடைக்குப் போகும் குருவுக்கு அது உடனுதவி. அந்த நூற்றாண்டுக்குள் பல பத்துப் பதிப்புகள் கண்ட நூல் அது.

எனினும் சந்தை அவர்கள் பக்கம் இல்லை. லைப்சிக் நகரம் கத்தோலிக்கரான கோமகன் ஜார்ஜின் ஆட்சியில் இருந்தது. லூதரின் நூல்களை அங்கே அச்சிடத் தடை. 1524இல் நகர மன்றம் அச்சகத்தாருக்காகக் கோமகனிடம் முறையிட்டது. மக்கள் கேட்கும் புத்தகத்தை விற்க அனுமதியில்லை, கடையில் குவிந்து கிடக்கும் கத்தோலிக்க நூல்களை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்பது அம்முறையீட்டின் சாரம். விற்காத நூல் மறுபதிப்புக் காணாது. அந்த ஆண்டுகளின் ஜெர்மானியக் கத்தோலிக்கப் பிரசுரங்களுள் பல ஒரே பதிப்போடு நின்றதற்கு இந்த வணிகக் காரணமும் உண்டு. லூதரை வாழ்நாள் முழுவதும் எதிர்த்து எழுதிய கொக்லேயுஸ் போன்றோர் அச்சுச் செலவுக்கே அலைய நேர்ந்தது. நான் இக்காலத்தைப் படிக்கும்போதெல்லாம் என்னைத் தொடுவது இந்தப் பகுதிதான்: எதிரியின் வலிமையைவிட வாசகரின்மைதான் அவர்களை அதிகம் வதைத்திருக்கிறது.

நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலைமை மாறியது. இயேசு சபையைச் சேர்ந்த பீட்டர் கனீசியுஸ் 1555இல் வியன்னாவில் மறைக்கல்விச் சுருக்கத்தை வெளியிட்டார். முதல் பதிப்பில் அவர் பெயர்கூட இல்லை. சிறுவருக்கும் இளையோருக்கும் எனச் சிறிய வடிவங்களும் தொடர்ந்தன. 1597இல் அவர் இறப்பதற்குள் அவருடைய மறைக்கல்வி நூல்கள் 200க்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டுவிட்டன. 1545 முதல் 1563 வரை நடந்த திரிதெந்துப் பொதுச்சங்கத்தின் தீர்மானங்களை 1564இல் உரோமையில் பவுலுஸ் மனுட்சியுஸ் அச்சிட்டார். பங்குக் குருக்களுக்கான உரோமை மறைக்கல்வி 1566இலும், குருக்கள் நாள்தோறும் ஓதும் கட்டளைச் செபநூல் 1568இலும், பூசைப் புத்தகம் 1570இலும் வந்தன. 1564ஆம் ஆண்டுப் பதிப்பின் சில படிகளில் சங்கச் செயலர் மசரெல்லியும் இரு பத்திர எழுத்தர்களும் மூலத்தோடு ஒத்திருப்பதாகச் சான்றளித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அச்சாகிவிட்டாலும் கையெழுத்து இருந்தால்தான் செல்லும் என்ற உணர்வு அப்போதும் இருந்திருக்கிறது. நம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகலுக்குச் சான்றொப்பம் வாங்குவதைப் போன்றதே இது.

அருமை உண்டாகும் வழிகள்

முதல் வழி, முன்பு கண்ட பஞ்சாங்க வழி. கனீசியுஸின் சிறு மறைக்கல்வி நூல்கள் பிள்ளைகளின் கைபட்டே அழிந்தன. ஆகவே, மிக அதிகமாக அச்சான நூலின் ஒரு குறிப்பிட்ட பதிப்பு மிக அரிதாக இருப்பது வியப்பன்று. இதற்கு நேர்மாறானது இயேசு சபை இறையியலாளர் ராபர்ட் பெல்லார்மினின் வாதத் தொகுதி. 1586இலிருந்து இங்கோல்ஸ்டாட் நகரில் வெளிவரத் தொடங்கிய அந்தக் கனத்த ஃபோலியோக்கள் மடங்கள், குருமடங்கள், பல்கலைக்கழகங்கள் எங்கும் வாங்கப்பட்டன. அவரை மறுக்க விரும்பிய புராட்டஸ்டண்ட் கல்லூரிகளும் வாங்கின. அலமாரியிலேயே வாழ்ந்த நூல் என்பதால் அவை நிறைய எஞ்சியுள்ளன.

இரண்டாவது வழி மறைவு அச்சகம். முதலாம் எலிசபெத் ஆட்சியில் இங்கிலாந்தில் கத்தோலிக்க நூலை அச்சிடுவது உயிரைப் பணயம் வைக்கும் செயல். எட்மண்ட் கேம்பியன் என்னும் இயேசு சபைக் குரு, தம் தரப்பின் பத்துக் காரணங்களை லத்தீனில் எழுதினார். ஸ்டோனர் என்ற மாளிகையில் மறைத்து வைத்த அச்சுப்பொறியில் அது அச்சானது. 1581 ஜூன் 27 அன்று ஆக்ஸ்போர்டு புனித மரியா ஆலயத்தில் பல்கலைக்கழக விழாவுக்கு வந்தவர்கள் இருக்கைகளில் அந்தச் சிறு நூல் கிடப்பதைக் கண்டார்கள். சில வாரங்களில் கேம்பியன் பிடிபட்டார், அச்சகமும் அகப்பட்டது. டிசம்பர் 1 அன்று அவர் கொல்லப்பட்டார். சில நூறு படிகள் அச்சான அந்நூலில் இன்று எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1584 ஜனவரியில் வில்லியம் கார்ட்டர் என்ற அச்சகத்தார், ஒரு கத்தோலிக்க நூலை அச்சிட்டதற்காகவே தூக்கிலிடப்பட்டார்.

மூன்றாவது வழி, வெளியிட்டவரே திரும்பப் பெறுவது. திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் லத்தீன் விவிலியத்தைத் தாமே முன்னின்று திருத்தி 1590இல் வெளியிட்டார். அவசர வேலை, அச்சான பின் கண்ட பிழைகள் மீது சிறு காகிதத் துண்டுகளை ஒட்டித் திருத்தினார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 27இல் அவர் இறந்தார். சில நாள்களிலேயே கர்தினால்கள் விற்பனையை நிறுத்தினார்கள். பின்னர் படிகளைத் திரும்பப் பெற்று அழிக்கவும் முயன்றார்கள். 1592இல் திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் காலத்தில் திருத்திய பதிப்பு வந்தது. எதிரி எரித்ததால் அன்று, உரியவரே விலக்கியதால் அரிதான நூல் இது.

தடைநூல் பட்டியலைப் பற்றியும் இங்கே ஒரு சொல். 1559இல் உரோமை வெளியிட்ட பட்டியல் கடுமையானது. 1564இல் வந்தது சற்றுத் தளர்ந்தது. பல நூல்கள் முற்றிலும் தடையாகவில்லை. திருத்தும்வரை படிக்கலாகாது என்றே அறிவிக்கப்பட்டன. அதனால் குறிப்பிட்ட வரிகளை மையால் அடித்துவிட்டு நூலை அலமாரியிலேயே வைத்துக்கொண்டார்கள். மை அடித்த பக்கம் பழுதுபட்ட பக்கம் என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். அந்த நூலை ஒருவர் வரிவரியாகப் படித்தார் என்பதற்கும், அது எரிக்கப்படாமல் தப்பியதற்கும் அந்தக் கறுப்புக் கோடே சாட்சி.

சுருக்கமாக: அதிகம் புழங்கினாலும், மறைவில் அச்சானாலும், திரும்பப் பெறப்பட்டாலும் படிகள் குறையும். படிகளின் எண்ணிக்கையை அறிய இன்று பொதுப் பட்டியல்கள் உள்ளன. 15ஆம், 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அச்சு நூல்களுக்கு யூனிவர்சல் ஷார்ட் டைட்டில் கேட்டலாக் என்பதை இணையத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம்.

அலமாரியில் கிடைத்த அந்தப் பூசைப் புத்தகம்

இப்போது தொடக்கத்தில் சொன்ன நூலுக்குத் திரும்புவோம். திரிதெந்து, ஐந்தாம் பயஸ் ஆகிய சொற்கள் 1570ஆம் ஆண்டுப் பதிப்பில் மட்டும் இல்லை. 20ஆம் நூற்றாண்டில் அச்சான பூசைப் புத்தகங்களின் முகப்பிலும் அவை இருந்தன. எனவே அவற்றை விட்டுவிட்டு மற்றச் சொற்களைப் பாருங்கள். பூசைப் புத்தகத்தைப் பின்னர் திருத்திய திருத்தந்தையருள் எட்டாம் கிளமெண்ட் பெயர் இருந்தால் நூல் 1604க்குப் பிந்தியது. எட்டாம் உர்பன் பெயரும் சேர்ந்திருந்தால் 1634க்குப் பிந்தியது. ஐந்தாம் பயஸ் பெயருக்கு முன் புனிதர் என்ற அடைமொழி இருந்தால், அவர் புனிதராக உயர்த்தப்பட்ட 1712க்குப் பிந்தியது. இந்த மூன்று சோதனைகளே பெரும்பாலான வாட்சப் அதிசயங்களைத் தீர்த்துவைத்துவிடும்.

அடுத்து, முகப்பின் அடியிலுள்ள உரோமை எண். எம், டி, எல், எக்ஸ், வி, ஐ என்றால் 1566. டி எழுத்தை அடுத்து மூன்று சி வந்தால் அது 1866. வேகமாகப் படிப்பவர் கண்ணில் அந்த மூன்று எழுத்துகள் தப்பிவிடுகின்றன, முந்நூறு ஆண்டுகள் கூடிவிடுகின்றன.

தாளையும் தொட்டுப் பாருங்கள். பழுத்து நொறுங்கும் தாள்தான் பழைய தாள் என்று நாம் நினைக்கிறோம். 16ஆம் நூற்றாண்டுத் தாள் லினன் (ஆளிநார்) துணிக் கந்தலை அரைத்துச் செய்தது. வெளிச்சத்தில் பிடித்தால் தாள் வார்த்த சல்லடையின் கோடுகள் தெரியும். நன்கு காத்த படியில் இன்றும் உறுதியாக, வெளிர் நிறத்தில் இருக்கும். தொட்டால் பொடியாவது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மரக்கூழ்த் தாள். நம் பங்குகளில் காணும் பழைய லத்தீன் பூசைப் புத்தகங்களில் பல, அக்காலத்தில் ரேகன்ஸ்பர்க், மெக்லன் ஆகிய ஊர்களின் அச்சகங்கள் உலகெங்கும் அனுப்பியவை. அவை மதிப்பற்றவை என்று சொல்லவில்லை. நம் முன்னோர் பூசை கண்ட நூல் என்ற பெருமை அவற்றுக்கு உண்டு. அதைப் பேண அதுவே போதிய காரணம்.

பதினாறு பக்கங்கள்

இக்கதையில் தமிழுக்கும் நேரடியான இடம் உண்டு. திரிதெந்துச் சங்கம் முடிந்து பதினைந்தே ஆண்டுகளில், 1578 அக்டோபர் 20 அன்று, கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானது. புனித சவேரியாரின் போர்ச்சுகீசிய மறைக்கல்வி நூலைத் தமிழாக்கியவர், முத்துக்குளித்துறையில் பணியாற்றிய இயேசு சபைக் குரு அண்டிரிக்கி அடிகளார். கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் வார்த்த தமிழ் எழுத்துகளால் ஆன அந்நூல் மொத்தம் 16 பக்கங்கள். சிறுவரும் பாமரரும் செபங்களை மனப்பாடம் செய்வதற்கான நூல் அது. கைக்குக் கை மாறுவதற்கென்றே அச்சானது. அடுத்த ஆண்டு கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் 120 பக்கங்களில் வந்தது. 1586இல் வந்த அடியார் வரலாறோ 600 பக்கங்களைத் தாண்டிய பெரு நூல். அதன் படி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது.

தம்பிரான் வணக்கத்தின் அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. கொல்லத்திலோ தூத்துக்குடியிலோ ஓதி ஓதித் தேய்ந்த மற்றப் படிகளில் ஓர் இதழும் நமக்குக் கிடைக்கவில்லை.